அலை ஓயக் காத்திராமல்

"அலை ஓய்ந்து கடலாட முடியுமா?" என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தயங்குகிறவரிடமும், பணம் முழுவதும் சேர்ந்த பிறகு வீடு கட்டலாம் என்று இருப்பவரிடமும் இதைச் சொல்லி உற்சாகப்படுத்துவோம். உண்மையான கடலையும் உண்மையான அலையையும் மனத்தில் கொண்டு இதைச் சொல்பவர்கள் அபூர்வம். ஆனால், "பையன் கொஞ்சம் சரியாகட்டும், பிறகு கடற்கரைக்குப் போகலாம்" என்று வருஷக் கணக்காய்க் காத்திருக்கும் குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. ஆட்டிஸம் என்னும் நிலையுடன் வளரும் குழந்தைகளின் குடும்பங்களைத்தான் சொல்லுகிறேன். அவர்கள் விஷயத்தில் இந்தப் பழமொழியை எழுத்துக்கு எழுத்து அப்படியே சொல்லலாம். காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் தக்க ஏற்பாட்டுடன் போக வேண்டும்.

எங்கள் ஊரும் அதன் ஓசையும்

சங்கரன்கோவிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2019-ஆம் வருஷம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி ஜில்லாவில் இருக்கிறது எங்கள் ஊர். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் வழக்காடினவாம். இருவரும் ஒருவரே என்று காட்டும்படி கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார் என்பது ஸ்தல புராணம். ஆடித் தபசுக்குக் கூடும் ஜனங்களுக்குக் கணக்கில்லை. மற்ற நாட்களில் ஊரின் அடையாளங்கள் இரண்டு: பூச்சந்தையின் வாசனை, விசைத்தறிகளின் 'டக் டக்' ஓசை.

கடல் எங்களுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். சொல்லிக்கொள்ளும்படியான நதியும் ஊருக்குள் இல்லை. ஆகையால் 'தண்ணீர்' என்றால் சாரல் காலத்தில் குற்றாலம். 'கடல்' என்றால் வேண்டுதலுக்குத் திருச்செந்தூர். மற்றபடி கடலைப் பற்றி நாங்கள் அதிகம் நினைப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேச்சு மிகக் குறைவு. ஆனால் பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் கூவும் ஊர்ப் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பான். "கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி" என்று அவன் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டால், பூகோள பாடத்தில் என் மாணவர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில்லையே என்று எனக்குத் தோன்றும். விசைத்தறிச் சப்தம் அவனைத் துன்புறுத்துவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறான். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடினால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். தறியின் ஓசை ஒரே தாளத்தில் வருவது. மிக்ஸியின் ஓசை எப்பொழுது கிளம்பும் என்று தெரியாதது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் ஆட்டிஸத்தைப் பற்றி ஒரு பாதி புரிந்துகொண்டதாகும்.

தாயின் மேல் விழுந்த பழி

இது புதிதாக வந்த வியாதி அல்ல, வியாதியே அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. 1943-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தை மனநல வைத்தியர் பதினொரு குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரைதான் இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியது. உலகத்தில் சுமார் 127 பேருக்கு ஒருவர் இந்த நிலையுடன் இருப்பதாக 2021-ஆம் வருஷத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்லுகிறது. சிலர் நன்றாகப் பேசுவார்கள். சிலர் பேசுவதே இல்லை. ஒளி, ஒலி, தொடுகை ஆகியவை சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கும். சிலருக்கு உறைப்பதே இல்லை. பழகிய ஒழுங்கு மாறினால் பெரும்பாலோர் கலங்கிப் போவார்கள்.

தமிழில் இதைப் 'புற உலகச் சிந்தனையின்மை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாய்ப் படவில்லை. புற உலகம் உள்ளே வராததல்ல இந்தக் குழந்தைகளின் கஷ்டம். கதவும் ஜன்னலும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டு, உலகம் முழுவதும் ஒன்றாய் உள்ளே புகுந்துவிடுவதே பல குழந்தைகளின் கஷ்டம்.

முதலில் வைத்தியர்களில் பலர், தாயின் அன்பு குறைந்ததால்தான் குழந்தை இப்படி ஆகிவிட்டது என்று சொன்னார்கள். 1964-ஆம் வருஷத்தில் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ அறிஞர் அந்தக் கொள்கையை மறுத்து ஒரு புத்தகம் எழுதினார். அவரே இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனார். அறிவுலகத்தில் தாய்மார்கள் மேலிருந்த பழி அதன் பிறகு மெள்ள மெள்ள நீங்கியது. தெருக்களில் அது இன்னும் நீங்கவில்லை. "நீ கர்ப்பமா இருக்கும்போது என்ன செய்தே?" என்று கேட்கிற உறவினர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? நான் சொன்ன பையனின் தாயார் நான்கு வருஷங்களாகக் கோவிலையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறு இடத்துக்குப் போனதில்லை. போனால் பையன் அலறுவான். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது புத்தி சொல்வார்கள். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அந்த அம்மாள் தீர்மானித்துவிட்டார். குழந்தையை அடைத்து வைக்கிறோம் என்று நினைத்து, தாயும் கூடவே அடைபட்டுப் போகிறாள் என்பதை நாம் கவனிப்பதில்லை.

கோமதி அம்மன் சந்நிதியின் முன்னால் ஸ்ரீசக்கரம் பதித்த ஓர் இடம் இருக்கிறது. மனக் கலக்கம் உள்ளவர்களை அங்கே உட்கார வைத்து வேண்டிக்கொள்வது நெடுங்கால வழக்கம். பையனின் ஆச்சி அவனையும் அங்கே பல தடவை உட்கார வைத்திருக்கிறார். வேண்டுதல் மனத்துக்கு ஆறுதல் தருமானால் அதை நான் தடுப்பானேன்? கூடவே பயிற்சியும் வேண்டும் என்பதுதான் நான் ஆச்சியிடம் சொன்னது. அதற்கு எங்கள் ஜில்லாவிலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது முதுகுத் தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ஆம் வருஷத்தில் தொடங்கிய ஸ்தாபனம் அது. சிறு வயதிலேயே குழந்தைகளைக் கண்டறிந்து பயிற்சி கொடுப்பதை அந்தச் சங்கம் முக்கியமான வேலையாகக் கொண்டிருக்கிறது.

எந்தக் கடல், எந்த நாள்?

"கடலுக்குப் போவோமா?" என்று நான் முதலில் கேட்டபோது ஆச்சிதான் பதில் சொன்னார்.

"சார்வாள், செந்தூரானுக்கு மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன். கடலுக்குன்னு போனா செந்தூருக்குத்தான் போகணும்."

"ஆச்சி, செந்தூரான் எங்கேயும் போய்விட மாட்டான். பையன் முதலில் கடலோடு சிநேகமாகட்டும். மொட்டையும் கூட்டமும் அலையும் ஒரே நாளில் வந்தால் அவன் தாங்குவானா?"

ஆச்சி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். இந்த இரண்டு வார்த்தையில் பாதி ஏற்பாடு முடிந்துவிட்டது. ஆட்டிஸமுள்ள குழந்தையோடு போகும் பிரயாணத்துக்கு முதல் விதி, ஒரு நாளைக்கு ஒரு புதுமை என்பதே.

கன்யாகுமரியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டோம். அங்கே பாறையும் உண்டு, அலையின் மூர்க்கமும் உண்டு. வருஷம் முழுவதும் கூட்டம். திருச்செந்தூரில் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வியாழக்கிழமை குரு பகவானுக்கு. சஷ்டி, கார்த்திகை, விசாகம் போதாதென்று இப்பொழுது பௌர்ணமி இரவிலும் கடற்கரை கொள்ளாத ஜனங்கள். அங்கே போவதென்றால் விசேஷமில்லாத ஒரு புதன்கிழமை பார்த்துத்தான் போக வேண்டும். அதை இரண்டாவது பிரயாணத்துக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் பிரயாணத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரிலும் சில இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைப் பாதி வாங்கிக்கொள்ளுகின்றன. கரையோரத்தில் ஆழமும் குறைவு. பழைய காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றதற்கு அந்த ஆழமின்மைதான் காரணம். கப்பலுக்குக் குறையாயிருந்தது குழந்தைக்குச் சௌகரியமாயிற்று.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை; சித்திரை, வைகாசியில் மணல் கொதிக்கும். காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு 5 வரையில் தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் திருவிழா. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்தோம். பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு போட்டேன். பையனுக்காக வாத்தியார் லீவு எடுப்பது சம்பிரதாயத்துக்கு விரோதமாயிற்றே என்று தலைமை ஆசிரியர் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

விடுமுறை என்றால் நான்கு நாள் லாட்ஜில் தங்க வேண்டும் என்று யார் விதித்தது? விடியற்காலை புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது என்று முடிவு செய்தோம். புது ஊர், புதுக் கடல், புதுப் படுக்கை மூன்றும் சேர்ந்தால் பையனுக்குத் தூக்கம் வராது. பையனுக்குத் தூக்கம் வராவிட்டால் யாருக்கும் வராது. தங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்கும் சமையலறைக்கும் தூரமான அறையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தலையணையையும் போர்வையையும் எடுத்துப் போங்கள். கதவின் மேல் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு கடல்

புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே வேலை ஆரம்பமாயிற்று. கரோல் கிரே என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். நடக்கப் போவதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக, குழந்தையே சொல்வதுபோல் ஒரு கதையாக எழுதிப் படங்களுடன் முன்கூட்டியே காட்டுவது அது. அந்த முறைப்படி எட்டுப் படங்கள் ஒட்டி ஒரு நோட்டுப் புத்தகம் செய்தோம். வீடு, கார், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், கடல், மறுபடி கார், மறுபடி வீடு. கடைசிப் படம் வீடாக இருக்க வேண்டும் என்பது அவசியம். திரும்பி வருவோம் என்று தெரிந்த குழந்தைதான் தைரியமாகப் புறப்படும். ஊர்ப் பெயர்கள் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். இப்பொழுது அவற்றுக்கு முகம் கிடைத்தது.

தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து விளையாட விட்டார்கள். முதல் நாள் விரலைக்கூட வைக்கவில்லை. நான்காம் நாள் ஒரு டம்ளரால் அள்ளினான். அலையோசையைச் செல்போனில் மிகத் தாழ்ந்த ஒலியில் போட்டுப் பழக்கினோம். புதுச் சட்டை வாங்க வேண்டாம் என்று அவன் தாயாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். புதுத் துணியின் முரடும் கழுத்துப் பட்டையிலுள்ள சீட்டும் போதும், நாள் முழுவதும் பாழாக. பல முறை துவைத்த பழைய சட்டை. ஆனால் தூரத்திலிருந்தே கண்ணில் படும் ஆரஞ்சு நிறம்.

மூட்டையில் போனவை இவை: வீட்டுத் தயிர் சாதம், அவன் வழக்கமாகக் குடிக்கும் அதே தண்ணீர் பாட்டில், பாய், பெரிய குடை, செருப்பு, இரண்டு மாற்றுடை, காதை மூடும் கருவி, அந்த மணல் டம்ளர். ஊனமுற்றோருக்கு மத்திய சர்க்கார் கொடுக்கும் தனி அடையாள அட்டையும் போயிற்று. 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிஸம் என்ற பெயரே கிடையாது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்ட இருபத்தொரு வகைகளில் அதுவும் ஒன்று. சலுகை பெறுவதற்கு மட்டுமன்றி, கேள்வி கேட்கும் அதிகாரிக்கு நீண்ட விளக்கம் சொல்லாமல் தப்புவதற்கும் அந்த அட்டை உதவுகிறது.

கரிசலிலிருந்து உப்புக்கு

பஸ்ஸில் போகலாம் என்றார் தகப்பனார். கண்டக்டரின் விசிலும், காற்று ஹாரனும், சினிமாப் பாட்டும் சேர்ந்து கடல் வருவதற்கு முன்பே பையனைக் களைப்பாக்கிவிடும் என்பதால் முதல் தடவைக்கு வாடகைக் கார் பேசினோம். டிரைவரிடம் இரண்டே நிபந்தனை: பாட்டு வேண்டாம், ஹாரனைக் கூடியவரை அடிக்க வேண்டாம்.

பையன் எப்பொழுதும் எழுந்திருக்கும் ஐந்து மணிக்கே எழுந்தான். அரை மணியில் கிளம்பினோம். கழுகுமலையில் பொழுது புலர்ந்தது. ஒரே பாறையைக் குடைந்து செய்த வெட்டுவான் கோவில் அந்த மலையில்தான் இருக்கிறது, நாங்கள் இறங்கவில்லை. நல்ல சிற்பத்தைப் பார்க்காமல் தாண்டிப் போவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய யாத்திரை எனக்காக அல்லவே! கோவில்பட்டியில் பெரியவர்கள் காப்பி சாப்பிட்டார்கள். பையனுக்குக் கடலை மிட்டாய் வாங்கினோம். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த ஊர் என்று நான் சொன்னபோது பையன் "எட்டயபுரம்" என்று மட்டும் சொல்லி நோட்டில் படத்தைத் தொட்டான். இருபுறமும் கரிசல் பூமி, நடுவில் நெட்டை ரஸ்தா. குறுக்குச்சாலையைத் தாண்டிய பிறகு மெள்ள மெள்ள மண்ணின் நிறம் மாறுகிறது. தூத்துக்குடியை நெருங்கினால் கண்ணாடித் துண்டுகள் பதித்ததுபோல் உப்புப் பாத்திகள்; ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டோம்.

முத்துநகர் கடற்கரையில் கார் நின்றதும் பையன் இறங்க மறுத்தான். தகப்பனார் கையைப் பிடித்து இழுக்கப் போனார். "இருக்கட்டும், நமக்கு என்ன அவசரம்?" என்றேன். கார்க் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு அவனாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

ஈர மணல் தொடங்கும் இடத்தில் வந்து நின்றான். சிறிய அலை ஒன்று வந்து கால் விரல்களை நனைத்துவிட்டுப் போயிற்று. அடுத்த அலை. அதற்கடுத்தது. திடீரென்று இரண்டு கைகளையும் பறவை சிறகடிப்பதுபோல் உதறிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தான். அவனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். தாயார் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களோ என்ற பயம். சற்றுத் தூரத்தில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்குச் சந்தோஷத்தைப் பாருங்க!" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையில் கண்ணை வைத்தார். அந்தத் தாயாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

பிறகு ஈர மணலில் உட்கார்ந்து டம்ளரில் மணலை அள்ளுவதும் கொட்டுவதுமாயிருந்தான். நாற்பது தடவை, ஐம்பது தடவை. வீட்டில் இப்படிச் செய்தால் "போதுமடா" என்று யாராவது சொல்வார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை. கடலே அந்தக் காரியத்தைத்தானே செய்துகொண்டிருக்கிறது! வந்தது வருவதும், போனது போவதும், ஓசை ஒரே தாளத்தில் இருப்பதும் எங்கள் ஊர்த் தறியின் ஒழுங்குதான். தவிர, ஈர மணலின் கனம் காலை அழுத்துவதும் சில குழந்தைகளுக்கு அமைதி தருகிறது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிஸமுள்ள அம்மையார் பதினெட்டாம் வயதில், மாடுகளை அசையாமல் பிடித்து வைக்கும் கூண்டைப் பார்த்துத் தம் உடம்பை இதமாக அழுத்தும் ஓர் இயந்திரத்தைத் தாமே செய்துகொண்டார். பின்னால் கால்நடை விஞ்ஞானத்தில் பெரிய பேராசிரியையாக விளங்கினார். எல்லாக் குழந்தைக்கும் மணல் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காதவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வரட்டும். அதுவும் கடல் யாத்திரைதான்.

கண்ணை எடுக்காதிருங்கள்

இப்பொழுது இனிமையில்லாத ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டிஸமுள்ள குழந்தைகள் தண்ணீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு அதிகம். 2012-ஆம் வருஷத்தில் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பெரியவர்களின் பார்வையிலிருந்து நழுவிப் போக முயன்றதாகத் தெரிந்தது. தண்ணீர் அவர்களை இழுக்கிறது, அபாயம் புலப்படுவதில்லை, கூப்பிட்டால் பதில் வருவதில்லை. மூன்றும் சேர்ந்தால் ஒரு நிமிஷம் போதும்.

ஆகையால் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதுபோல், அரை மணிக்கு ஒருவர் பொறுப்பு. பொறுப்பில் இருப்பவர் பையனுக்குக் கையெட்டும் தூரத்தில், அவனுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். செல்போனைத் தொடக் கூடாது. பேச்சுக்குத் தலையைத் திருப்பக் கூடாது. "எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதைப் போல ஆபத்தான வார்த்தை இல்லை. எல்லோரும் பார்ப்பது என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பையனின் முன்கையில் தகப்பனாரின் டெலிபோன் எண்ணைப் பேனாவால் எழுதினோம். வலைக்காரப் பெரியவரிடமும் டிரைவரிடமும், "இவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போனால் பிடித்து நிறுத்துங்கள்" என்று முன்பே சொல்லி வைத்தோம். கண்ணில் காணவில்லையென்றால் முதலில் தண்ணீர் ஓரத்தைத் தேட வேண்டும். கடைத் தெருவைப் பிறகு பார்க்கலாம். 112-க்குச் சொல்லவும் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு நீச்சல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்ற காலம் உண்டு. ஆழமில்லாத நீச்சல் குளமும் பொறுமையான ஆசிரியரும் கிடைத்தால் இந்தக் குழந்தைகளும் கற்பார்கள். பலர் தரையில் இருப்பதைவிடத் தண்ணீரில் நிம்மதியாயிருப்பார்கள். நீச்சல் தெரிந்த பிறகும் காவல் வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பத்து அலைகள்

வருவதைவிடத் திரும்புவது கஷ்டம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "வாடா, போகலாம்" என்று திடீரென்று சொல்லியிருந்தால் ரகளையாகியிருக்கும். "இன்னும் பத்து அலை, பிறகு கார்" என்று நோட்டில் அடுத்த படத்தைக் காட்டினார் தாயார். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்தாவது அலையில் பையன் எழுந்தான். காருக்கு வந்து பத்து நிமிஷம் அழுதான். அழட்டுமே! நல்ல இடத்தை விட்டுப் போகும்போது யார்தான் அழமாட்டார்கள்? எட்டயபுரம் தாண்டியதும் கடலை மிட்டாயைக் கேட்டு வாங்கித் தின்றான். பன்னிரண்டு மணிக்கு வீடு. மத்தியானம் அவனுடைய பாயில் தூக்கம். மறு நாள் காலை திண்ணையிலிருந்து கேட்ட பட்டியலில் தூத்துக்குடிக்குப் பிறகு ஒரு ஊர் கூடியிருந்தது: "கடல்."

ஊரார் செய்ய வேண்டியது

ஒரு குடும்பத்தின் ஏற்பாடு இவ்வளவுதான். மீதியை ஊரும் சர்க்காரும் செய்ய வேண்டும். சென்னை மெரினாவில் 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், சக்கர நாற்காலிகள் கடலருகே போவதற்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி செப்பனிட்டார்கள். வருஷக் கணக்காய்க் கடலைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதன் மேல் போய் அலையைத் தொட்டார்கள். ஆட்டிஸமுள்ள குழந்தைக்குத் தேவை மரப்பாதையன்று. கண்ணுக்குத் தெரியாத பாதை. ஒலிபெருக்கி இல்லாத ஒரு மணி நேரம், நிழலும் அமைதியுமான ஓர் அறை, விஷயம் தெரிந்த ஒரு காவலாள். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்திலுள்ள சர்ப்ஸைட் பீச் என்ற சிறு கடற்கரை ஊர், சுமார் பத்து வருஷங்களுக்கு முன்பே ஆட்டிஸமுள்ள குடும்பங்களை வரவேற்கும் ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. இங்கிலாந்தில் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ஆம் வருஷம் தொடங்கிய வழக்கம் ஒன்றும் உண்டு. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சை நாடாவைக் கழுத்தில் அணிந்தால், ஊழியர்கள் கேள்வி கேட்காமல் உதவுவார்கள். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இப்படி ஒன்று வரக்கூடாதா?

அவை வரும்போது வரட்டும். அதற்கு முன்பே, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை நீங்கள் கடற்கரையில் இருக்கும்போது, ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினாலோ, கைகளை உதறிக்கொண்டு குதித்தாலோ, உற்றுப் பார்க்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், பையில் இருக்கும் மிட்டாயைக் கேளாமல் நீட்டாதீர்கள். உங்கள் குழந்தைகள் "ஏன் அப்படிச் செய்கிறான்?" என்று கேட்டால், "அவனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் காட்டுவான்" என்று சொல்லுங்கள். தாயார் களைத்திருப்பதாகத் தோன்றினால், "நான் கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பக்கம் நிற்கட்டுமா, அம்மா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வந்துவிடுங்கள். வேண்டுமென்றால் குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில் போய் நில்லுங்கள். உங்கள் முறை முடியும் வரையில் கண்ணை எடுக்காதீர்கள்.